பெரிய வேலையை மறுத்த விளாச்சேரி வாலிபர்

மதுரைக்குப் பக்கத்தில், திருப்பரங்குன்றத்தை அடுத்து இருக்கிறது விளாச்சேரி. கொலு பொம்மைக்குப் பெயர் போன ஊர். இந்த ஊரில் 1870-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி சூரிய நாராயண சாஸ்திரி பிறந்தார்.

தந்தையார் கோவிந்த சிவனார். அவரிடம் சிறுவன் வடமொழி படித்தான். தமிழ் சொல்லிக் கொடுத்தவர் மதுரை சபாபதி முதலியார். அவர் ஊட்டிய தமிழ்தான், பின்னால் பையனின் வாழ்க்கையையே திருப்பி விட்டது.

மேல் படிப்புக்குச் சென்னை சென்றார். கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி முதல்வர் டாக்டர் மில்லர், ஸ்காட்லாந்துக்காரர்.

அன்னமும் படகும்

ஒரு நாள் மில்லர், டென்னிசன் என்ற ஆங்கிலக் கவிஞரின் பாட்டை நடத்தினார். ஆர்தர் மன்னனின் முடிவைச் சொல்லும் பாட்டு அது. அதில் படகு, அன்னப் பறவையைப் போலச் செல்கிறது. அந்த உவமையை மில்லர் வியந்து பாராட்டினார்.

சூரிய நாராயணர் எழுந்தார். பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கம்பர் இதைப் பாடிவிட்டார் என்றார். ராமனை ஏற்றிக்கொண்டு கங்கையைக் கடக்கும் குகனின் ஓடம், அன்னம் போல் செல்வதை எடுத்துச் சொன்னார். குறுக்கே பேசியதற்காக மில்லர் கோபப்படவில்லை. மாணவனின் தமிழ் அறிவைக் கண்டு மகிழ்ந்தார் என்று சொல்வார்கள்.

எந்த வேலை?

1892-ல் பி.ஏ. தேறினார். தமிழிலும் தத்துவத்திலும் முதல் மாணவர்!

அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் லேசுப்பட்டதல்ல. சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகலாம். சட்டம் படித்து வக்கீல் ஆகலாம். வெளியே போய் வேலை தேட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. தத்துவ ஆசிரியர் வேலை தருவதாக மில்லரே கூப்பிட்டார்.

தத்துவம் ஆங்கிலத்தில் நடத்தும் பாடம். நடத்துகிறவருக்கு மதிப்பு உண்டு. மேலே உயர வழி உண்டு. தமிழ்ப் பண்டிதரின் நிலை வேறு. சம்பளம் குறைவு. மற்ற ஆசிரியர்கள் அவரைச் சமமாக நடத்துவது அபூர்வம். மாணவர்கள் கூடக் கேலி செய்வார்கள்.

இது சூரிய நாராயணருக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான், தமிழ் ஆசிரியர் வேலை போதும் என்றார். தத்துவம் வராதவர் சொல்லியிருந்தால் அதிசயம் இல்லை. அதில் முதலாவதாக வந்தவர் அல்லவா சொன்னார்!

மில்லர் இணங்கினார். 1893-ல் தமிழ் ஆசிரியர். இரண்டே ஆண்டுகளில், தமிழ்த் துறைக்கே தலைவர்.

புதுப் பெயர்

மனதுக்குப் பிடித்த வேலை. உழைப்புக்குக் கேட்க வேண்டுமா? கல்லூரி நேரம் போக வீட்டிலும் மாணவர்களுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தார். ரூபாவதி, கலாவதி என்று நாடகங்கள் எழுதினார். நாடக இலக்கணமும் எழுதினார். நண்பர் பூரணலிங்கம் பிள்ளையுடன் 'ஞானபோதினி' பத்திரிகையை நடத்தினார்.

தம் பெயரையும் தமிழாக்கிக் கொண்டார். சூரியன் என்றால் பரிதி. நாராயணன் என்றால் மால். சாஸ்திரி என்றால் கலைஞர். மூன்றும் சேர்ந்து பரிதிமாற் கலைஞர் ஆயிற்று!

1902-ல் ஒரு சோதனை வந்தது. பல்கலைக்கழகப் பாடத்தில் இருந்து தமிழை எடுத்துவிடும் பேச்சு கிளம்பியது. வடமொழியை நன்கு கற்ற இவர், தமிழுக்காக வாதாடினார். நண்பருடன் சேர்ந்து பல்கலைக்கழகத்தாரைப் பார்த்து, தமிழின் பெருமையை எடுத்துச் சொன்னார். அந்த முயற்சி கைவிடப்பட்டது.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. காச நோய் பற்றிக்கொண்டது. அன்று அதற்கு நல்ல மருந்து கிடையாது. 1903 நவம்பர் 2-ந்தேதி காலமானார். வயது 33 தான். விரும்பிக் கேட்டு வாங்கிய வேலையை அவர் பார்த்தது, சுமார் 10 ஆண்டுகளே.

தமிழ் ஓர் உயர்தனிச் செம்மொழி என்று 'தமிழ் மொழியின் வரலாறு' என்ற நூலில் அவர் வாதிட்டிருந்தார். 2004-ல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. அதன் பிறகு, விளாச்சேரியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லம் ஆக்கியது.