ராபர்ட் புரூஸ் ஃபூட்

ராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டம்பர் 22, 1834 - டிசம்பர் 29, 1912) இங்கிலாந்தில் பிறந்து, தன் பணிக்காலம் முழுவதையும் இந்தியாவில், பெரும்பாலும் தென்னிந்தியாவில், கழித்த நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863 ஆம் ஆண்டு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததால், இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று இவர் அழைக்கப்படுகிறார். தென்னிந்தியாவின் சுண்ணாம்புக்கல் குகைகளை முறையாக ஆராய முற்பட்ட முன்னோடிகளுள் ஒருவர் என்பது இவரைப் பற்றிப் பலரும் அறியாத செய்தியாகும்.

இளமையும் பணியும்

ஃபூட் இங்கிலாந்தின் செல்டனாம் நகரில் பிறந்தார். 1858 ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தாமஸ் ஓல்டாமின் தலைமையில் 1851 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டிருந்த அத்துறை, நிலக்கரி முதலிய கனிமங்கள் கிடைக்கும் இடங்களைக் கண்டறிவதையும் நாட்டின் பாறை அமைப்பை வரைபடமாக்குவதையும் தன் கடமைகளாகக் கொண்டிருந்தது. ஃபூட் சென்னை மாகாணத்தில் பணியமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் ஐதராபாத், பம்பாய்ப் பகுதிகளிலும் அவர் பணியாற்றினார்.

யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மறைபணியாளராக இருந்து, ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை ஃபூட் மணந்தார். பெர்சிவல் பின்னர் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழை நடத்தியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். தன் இறுதிக் காலத்தை அவர் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் கழித்தார். பின்னாளில் ஃபூட்டும் அவ்வூரையே தன் உறைவிடமாக ஆக்கிக்கொண்டார்.

தென்னார்க்காட்டில் நிலவியல் ஆய்வு

ஃபூட் பணியில் சேர்ந்த காலத்தில் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறை அமைப்பு முதன்முறையாக விரிவாக ஆராயப்பட்டு வந்தது. விருத்தாசலம், அரியலூர்ப் பகுதிகளில் காணப்படும் கிரீத்தேசியக் காலக் கடல் படிவுகளை ஹென்றி பிளான்ஃபோர்டு ஆராய்ந்து, உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். அவற்றின் மேல் படிந்துள்ள இளைய மணற்கல் அடுக்குகள் கடலூர் மணற்கல் எனப் பெயர் பெற்றன. இன்று கடலூர் மாவட்டத்தில் உள்ள திட்டக்குடி, விருத்தாசலம் ஆகிய இரண்டு ஊர்களும் வெள்ளாற்றையும் மணிமுத்தாற்றையும் ஒட்டிய இந்நிலப்பரப்பைச் சேர்ந்தவை. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தின் சுற்றுவட்டாரக் களிமண்ணைப் பற்றி அறிய விரும்புவோருக்கும் இந்த ஆய்வுகளே தொடக்கமாகும்.

பிளான்ஃபோர்டின் பணியை அடுத்து, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டங்களின் பகுதிகளைப் பற்றிய நிலவியல் அறிக்கையை ஃபூட், தன் உடன்பணியாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து எழுதினார். ஓர் இடத்தின் பாறை எது, அதன் மேல் கிடப்பது எது, அதற்கும் மேல் மனிதன் விட்டுச் சென்றது எது என்று அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இத்தகைய பணிகளால் அவரிடம் உறுதிப்பட்டது. அவருடைய பிற்காலத் தொல்லியல் கண்டுபிடிப்புகளுக்கு இப்பழக்கமே அடிப்படையாயிற்று.

பல்லாவரமும் அத்திரம்பாக்கமும்

1859 ஆம் ஆண்டு, பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கருவிகள் மனிதனால் செய்யப்பட்டவையே என்பதை ஆங்கில அறிஞர்கள் நேரில் கண்டு ஏற்றுக்கொண்டனர். இச்செய்தி ஃபூட்டின் கவனத்தை இந்தியாவிலும் அத்தகைய சான்றுகளைத் தேடும்படி திருப்பியது.

1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளைக்கல் எடுப்பதற்காகத் தோண்டப்பட்டிருந்த குழி ஒன்றில், மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றை அவர் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் (இன்றைய திருவள்ளூர் மாவட்டம்) அவரும் கிங்கும் மேலும் பல குவார்ட்சைட் கருவிகளைக் கண்டனர். அவற்றுள் சில, செம்புரைப் படிவுகளோடு தொடர்புடையனவாய் இருந்தன. கருவிகள் மண்ணின் மேற்பரப்பில் மட்டும் கிடந்திருந்தால், அவற்றின் தொன்மையைப் பற்றி எதுவும் கூற இயலாமல் போயிருக்கும். எந்தப் படிவில் கிடைத்தது என்பதை ஃபூட் குறித்து வைத்ததே இக்கண்டுபிடிப்புக்கு மதிப்பைத் தந்தது.

அத்திரம்பாக்கத்தில் பிற்காலத்தில் சாந்தி பப்பு முதலிய அறிஞர்கள் அகழ்வாய்வு நடத்தினர். அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என 2011 ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வு கணித்தது.

குகைகளின் மீது நாட்டம்

ஆற்றுப் படிவுகளில் கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் அவற்றைச் செய்த மனிதனின் எலும்புகளோ, அவன் வேட்டையாடிய விலங்குகளின் எச்சங்களோ அவற்றோடு அரிதாகவே கிடைத்தன. திறந்த வெளியில் எலும்பு எளிதில் மட்கிவிடும். சுண்ணாம்புக்கல் குகையில் அது நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஐரோப்பாவில் தொல்பழங்கால மனிதனைப் பற்றிய அறிவு பெருமளவில் குகைகளிலிருந்தே கிடைத்ததற்கு இதுவே காரணம்.

தமிழகத்தில் குகை என்று வழங்கப்படுபவை பெரும்பாலும் கடினமான பாறைகளின் கீழ் அமைந்த ஒதுக்கிடங்களே. சமண முனிவர்கள் தங்கிய படுக்கைகள் உள்ள இடங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லை மெல்லக் கரைப்பதால் உண்டாகும் நீண்ட நிலத்தடிக் குகைகள் வேறு வகையானவை. தென்னிந்தியாவில் இத்தகைய குகைகள் சிறப்பாகக் கர்நூல் பகுதியில் உள்ளன. அங்கே பேத்தஞ்செர்லாவுக்கு அருகிலுள்ள பில்லசுர்கம் என்ற குகைத் தொகுதியில் எலும்புகள் நிறைந்திருப்பதைக் கேப்டன் நியூபோல்டு 1844 ஆம் ஆண்டே எழுதியிருந்தார். எனினும் அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் அங்கு முறையான ஆய்வு நடைபெறவில்லை.

பில்லசுர்கம் ஆய்வு

இக்குகைகளை ஆராய வேண்டும் என்ற கருத்தை இங்கிலாந்தின் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்சிலி முன்வைத்தார். அப்போது சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இதில் ஆர்வம் காட்டினார். பணி ஃபூட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

1884 ஆம் ஆண்டு ஃபூட் கர்நூல் குகைகளைப் பார்வையிட்டு அகழ்வைத் தொடங்கினார். துறையின் வழக்கமான அளவைப் பணிகளும் அவருக்கு இருந்தமையால், அகழ்வைத் தொடரும் பொறுப்பு, பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்த அவருடைய மகன் ஹென்றி புரூஸ் ஃபூட்டிடம் விடப்பட்டது. பணி 1885 ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. பேராலயக் குகை, பிணமனைக் குகை என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர்களால் அங்குள்ள குகைகள் குறிப்பிடப்பட்டன. இதன் முடிவுகளை ஃபூட் தன் துறையின் வெளியீட்டில் அவ்வப்போது எழுதினார். கிடைத்த விலங்கு எலும்புகளை ரிச்சர்டு லிடெக்கர் ஆராய்ந்து, 1886 ஆம் ஆண்டு வெளியிட்டார். அவற்றுள் ஒரு காண்டாமிருக இனத்துக்குக் கர்நூலின் பெயரே சூட்டப்பட்டது.

ஆயினும், எதைத் தேடி இப்பணி தொடங்கப்பட்டதோ அது முழுமையாக நிறைவேறவில்லை. பல்லாவரத்தில் கிடைத்தவை போன்ற கற்கருவிகள் குகையின் படிவுகளில் கிடைக்கவில்லை. மனிதனால் செய்யப்பட்டவை என்று ஃபூட் கருதிய எலும்புக் கருவிகள் கிடைத்தன. அவற்றுள் சில உண்மையிலேயே கருவிகள்தாமா என்று பின்னாளைய ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினர். கற்கருவிகள் கிடைக்காமையை ஃபூட் மறைக்கவில்லை. கிடைத்தவற்றைப் போலவே கிடைக்காதவற்றையும் பதிவு செய்தார்.

அமைப்பு இல்லாமையின் விளைவு

இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள கென்ட் குகையில், பிரித்தானிய அறிவியல் சங்கம் அமைத்த குழுவின் ஆதரவில் வில்லியம் பெஞ்செல்லி 1865 முதல் 1880 வரை பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அகழ்ந்தார். வியன்னாவில் 1879 ஆம் ஆண்டிலேயே குகை ஆய்வுக்கெனத் தனிச் சங்கம் உருவானது. பிரான்சில் எடுவார் மார்தெல் 1895 ஆம் ஆண்டு குகையியல் சங்கத்தை நிறுவி, அதற்கென இதழும் நடத்தினார். இத்தகைய சங்கங்கள் குகைகளின் பட்டியலையும் வரைபடங்களையும் பேணின. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர இவை வழி செய்தன.

சென்னை மாகாணத்தில் அத்தகைய அமைப்பு எதுவும் அன்று இல்லை. கர்நூல் ஆய்வு ஓர் அறிஞரின் பரிந்துரை, ஓர் ஆளுநரின் ஆர்வம், ஓர் அதிகாரியின் உழைப்பு, அவர் மகனின் ஓய்வு நேரம் ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. இவை விலகியதும் பணியும் நின்றது. ஃபூட் 1884 ஆம் ஆண்டு குறிப்பிட்ட கர்நூல் பகுதிக் குகைகளுள் பேலம் குகையும் ஒன்று. அது விரிவாக அளக்கப்படுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. டேனியல் கெபாவர் தலைமையிலான செருமானியக் குழுவினர் 1982, 1983 ஆம் ஆண்டுகளில் அதனை ஆராய்ந்தனர். சுமார் 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள அக்குகை 2002 ஆம் ஆண்டு சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் குகை ஆர்வலர்கள் ஒரு வட்டாரத்தின் குகைகளைச் சங்கமாகக் கூடி ஆண்டுதோறும் ஆராயும் முறை, 1990களில் மேகாலயாவில்தான் வேரூன்றியது.

பிற பணிகள்

தென்னிந்தியாவின் தங்கம் தாங்கும் பாறைத் தொகுதியைத் தனியே இனங்கண்டு, அதற்குத் தார்வார் என்று பெயரிட்டவர் ஃபூட் ஆவார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி 1883 ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் தேரிகளில் கிடைக்கும் சிறு கற்கருவிகளை முதலில் கவனித்தவரும் அவரே. பெல்லாரிப் பகுதியின் புதிய கற்காலச் சாம்பல் மேடுகளையும் ஆராய்ந்தார்.

1891 ஆம் ஆண்டு அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பின் பரோடா அரசின் நிலவியல் ஆய்வை மேற்கொண்டார். 1894 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மைசூர் அரசின் நிலவியல் துறைக்கு முதல் தலைவராகவும் விளங்கினார்.

இறுதிக் காலமும் தொகுப்பும்

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேகரித்த தொல்பொருள்களை ஃபூட் ஏற்காட்டில் தன் இல்லத்தில் வைத்திருந்தார். 1904 ஆம் ஆண்டு சென்னை அரசு அருங்காட்சியகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. அதற்கான விளக்கப் பட்டியலைத் தயாரிப்பதில் தன் இறுதி ஆண்டுகளை அவர் செலவிட்டார். ஒவ்வொரு பொருளும் கிடைத்த ஊர், இடம், சூழல் ஆகியவற்றை அதில் குறித்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். பட்டியல் அவர் மறைவுக்குப் பின் 1914 ஆம் ஆண்டும், அதன் தொடர்ச்சியான குறிப்புகள் 1916 ஆம் ஆண்டும் வெளிவந்தன. ஏற்காட்டின் திரித்துவ ஆலயத்தில் அவர் நினைவைக் குறிக்கும் கல் உள்ளது.

மதிப்பீடு

ஃபூட் விட்டுச் சென்ற குறிப்புகள் அவருடைய காலத்தோடு பயனற்றுப் போகவில்லை. 1970களில் எம். எல். கே. மூர்த்தி கர்நூல் குகைகளில் மீண்டும் அகழ்ந்து, பழைய கற்காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த மனிதர்கள் அங்கு வாழ்ந்ததற்கான சான்றுகளைக் கண்டார். ஃபூட் தேடிய மனிதனின் தடயம் அப்பகுதியில் இருந்தது என்பது இதனால் உறுதியாயிற்று. பில்லசுர்கம் குகைகளும் பன்னாட்டு அறிஞர் குழுவினால் மறு ஆய்வு செய்யப்பட்டன. அங்குக் கிடைத்த பாலூட்டிகளுள் இனங்காணப்பட்ட 21 வகைகளில் 20 வகைகள், கடந்த இரண்டு இலட்சம் ஆண்டுகளின் கடுமையான தட்பவெப்ப மாற்றங்களைக் கடந்தும் இந்தியத் துணைக்கண்டத்தில் நிலைத்திருந்தன என 2014 ஆம் ஆண்டு அக்குழு அறிவித்தது. பிற கண்டங்கள் பலவற்றில் பெரிய விலங்குகள் பெருமளவில் அழிந்துபோன காலம் இது என்பதால், இம்முடிவு முக்கியத்துவம் பெறுகிறது.

1880களில் தோண்டப்பட்ட குகைக்குப் பிற்கால ஆய்வாளர்கள் மீண்டும் செல்ல முடிந்ததற்கு, இடமும் படிவும் கிடைத்தவையும் கிடைக்காதவையும் அன்றே எழுதி வைக்கப்பட்டிருந்ததே காரணமாகும். தொடர்ந்து செயல்படும் சங்கம் ஒன்று செய்திருக்க வேண்டிய பணியை அக்குறிப்புகள் ஓரளவு ஈடு செய்தன.