காபிக்கு நடுவே கொய்னா மரம்

ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர் வில்லியம் கிரகாம் மெக்ஐவர். லண்டன் கியூ பூங்காவில் பணியாற்றிய இவர், 1848ல் ஊட்டிக்கு வந்து, மேலே சரிவும் கீழே சதுப்புமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தினார்.

1860களில், மலேரியா காய்ச்சலுக்கு மருந்தான சிங்கோனாவை (கொய்னா மரம்) தொட்டபெட்டா, நடுவட்டத்தில் வளர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பட்டைக்காக மரத்தை வெட்டினால், அது மீண்டும் தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும். மெக்ஐவர் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடினார். மரம் சாகவில்லை. புதிதாக வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்தும் கூடுதலாக இருந்தது.

இலங்கையிலும் இந்த மரம் உதவியது. 1869ல் அங்கே காபியில் இலைத்துரு நோய் பரவியதும், தோட்டக்காரர்கள் காபிச் செடிகளுக்கு இடையே சிங்கோனாவை நட்டனர். காபி கைவிட்டபோது பட்டை கைகொடுத்தது. ஆனால் சில காலம்தான். ஜாவாவிலும் இலங்கையிலும் பட்டை குவிந்ததால், 1880களில் விலை சரிந்தது. ஊடுபயிருக்கும் சந்தை பார்க்க வேண்டியிருக்கிறதே!

1876ல் காலமான மெக்ஐவர் அந்தச் சரிவைப் பார்க்கவில்லை. அவர் சிங்கோனா வளர்த்த நடுவட்டத்தில் இன்று தேயிலை விளைகிறது. கீழே கூடலூர் பக்கம், தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறுகிறது.