தூக்கிப் போடக் கற்றுக்கொடுத்தவரின் ரேஸரைத் தேடித் தேடி சேர்ப்பது ஏன்? யார் இந்த கிங் ஜில்லெட்?

பழைய ரேஸர், பழைய ஷேவிங் பிரஷ் ஆகியவற்றைத் தேடிப் பிடித்து, கறை நீக்கி, பளபளப்பாக்கி மறுபடியும் பயன்படுத்துவது பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. அதில் அதிகம் பேரின் கைக்கு வரும் பெயர் ஜில்லெட்.

காரணம் எளிமையானது. 1904-ல் செய்த ஜில்லெட் ரேஸரில், இன்று பெட்டிக்கடையில் வாங்கும் இருபுறக் கூர்மை கொண்ட பிளேடு அப்படியே பொருந்தும். நம்மூர் சலூன்களில் பாதியாக உடைத்து கத்தியில் செருகுகிறார்களே, அதே ரக பிளேடுதான்.

ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பொருளை உலகத்துக்குப் பழக்கிய அந்த மனிதரின் கதை, கொஞ்சம் விசித்திரமானது.

தீயில் போன குடும்பத் தொழில்

கிங் கேம்ப் ஜில்லெட் 1855-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். 'கிங்' என்பது பட்டம் இல்லை, பெயரே அதுதான். குடும்பம் பின்னர் சிகாகோவில் குடியேறியது. 1871-ல் அந்த நகரைச் சாம்பலாக்கிய பெருந்தீயில், அப்பாவின் இரும்புச் சாமான் வியாபாரமும் போனது. அப்போது கிங்குக்கு 16 வயது. ஊர் ஊராகப் போகும் விற்பனையாளராக வேலைக்குச் சேர்ந்தார். சொந்தமாகச் சின்னச் சின்னக் கண்டுபிடிப்புகளையும் செய்து பார்த்தார். எதுவும் பணமாகவில்லை.

சோடா மூடி தந்த யோசனை

1890-களில் பாட்டில் மூடி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் விற்பனை வேலை கிடைத்தது. அந்த மூடியைக் கண்டுபிடித்தவர் வில்லியம் பெயின்டர். ஒரு தடவை திறந்தால் மூடி குப்பைக்குப் போகும், அடுத்த பாட்டிலுக்குப் புது மூடி வேண்டும். இப்படித் திரும்பத் திரும்ப வாங்க வைக்கும் பொருளாக யோசிக்கும்படி ஜில்லெட்டுக்கு அவர் ஆலோசனை சொன்னார்.

1895-ல் ஒரு காலை, ஷேவிங் செய்யப் போனபோது கத்தி மழுங்கியிருந்தது. அந்தக் காலத்துச் சவரக்கத்தியைத் தோல் பட்டையில் தீட்டினால் மட்டும் போதாது, அவ்வப்போது சாணையும் பிடிக்க வேண்டும். 'சேஃப்டி ரேஸர்' என்ற பெயரில் ஏற்கெனவே சில வந்திருந்தாலும், அவற்றின் கத்தியையும் தீட்டியே ஆக வேண்டும். வெட்டுவது விளிம்பு மட்டும்தானே, பிறகு எதற்கு இவ்வளவு தடித்த இரும்பு? காகிதம் போல மெல்லிய எஃகுத் தகட்டில் விளிம்பைக் கூராக்கினால், மழுங்கியதும் தூக்கிப் போட்டுவிடலாம். அதுதான் ஜில்லெட்டின் யோசனை.

உலோக நிபுணர்கள் கையை விரித்தார்கள். அவ்வளவு மெல்லிய தகட்டைச் சூடாக்கிக் கடினப்படுத்தினால் அது வளைந்து நெளிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். சுமார் 6 வருடம் இப்படியே போனது. கடைசியில் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் தகட்டைக் கடினப்படுத்தவும் கூராக்கவும் இயந்திரங்களை வடிவமைத்தார். 1901-ல் நிறுவனம் உருவானது. யோசனை ஜில்லெட்டுடையது, அதைச் சாத்தியமாக்கியது நிக்கர்சன்.

51-ல் இருந்து 90,000

1903-ல் விற்றவை வெறும் 51 ரேஸர்கள், 168 பிளேடுகள். அடுத்த வருடமே ரேஸர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது.

ரேஸரை இலவசமாகக் கொடுத்து, பிளேடில் காசு பார்த்தவர் என்று ஜில்லெட்டைப் பற்றி இன்றும் பிசினஸ் வகுப்புகளில் சொல்வதுண்டு. உண்மை அப்படி இல்லை. ரேஸரின் விலை 5 டாலர். அன்றைய தொழிலாளியின் வாரச் சம்பளத்தில் அது கணிசமான தொகை. 1921-ல் காப்புரிமை முடிந்து போட்டியாளர்கள் வந்த பிறகுதான் பழைய மாடலின் விலை 1 டாலருக்கு இறங்கியது.

முதல் உலகப்போர் இன்னொரு திருப்பம். விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார, தாடி இருக்கக் கூடாது. அமெரிக்க அரசு வீரர்களுக்காக 35 லட்சம் ரேஸர்களையும் 3.2 கோடி பிளேடுகளையும் வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களோடு ரேஸரும் வந்தது, தினமும் வீட்டிலேயே ஷேவ் செய்யும் பழக்கமும் வந்தது.

முதலாளிக்குள் ஒரு சோஷலிஸ்ட்

இவ்வளவு லாபம் பார்த்த மனிதர், வியாபாரப் போட்டியே வீண் என்று நம்பியவர். ரேஸர் யோசனைக்கு ஒரு வருடம் முன்பே, 1894-ல், இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். மக்கள் எல்லோருக்கும் சொந்தமான ஒரே நிறுவனம், நயாகரா அருவியின் மின்சாரத்தில் இயங்கும் ஒரே மாநகரம். இதுதான் அவர் கனவு. 1910-ல் இதற்காக ஒரு 'உலக நிறுவனம்' திட்டமிட்டு, அதற்குத் தலைவராக வர முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அழைத்தார். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார்.

அதே காலத்தில் சொந்த நிறுவனமும் கையை விட்டுப் போனது. முதலீட்டாளர் ஜான் ஜாய்ஸுடன் நடந்த அதிகாரப் போட்டிக்குப் பிறகு, 1910-ல் பங்குகளில் பெரும் பகுதியை ஜில்லெட் விற்றார். பிளேடு உறையில் முகம் அவருடையது, முடிவெடுத்தது மற்றவர்கள்.

கலிபோர்னியாவில் வாங்கிக் குவித்த நிலங்கள், 1929 பங்குச்சந்தை வீழ்ச்சி எல்லாம் சேர்ந்து சொத்தைக் கரைத்தன. 1931-ல் தலைவர் பதவியையும் விட்டார். 1932 ஜூலை 9 அன்று, 77 வயதில் காலமானார்.

பழசைப் புதுப்பிக்க ஆசையா?

பழைய ரேஸருக்கு வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான டூத் பிரஷ் பெரும்பாலும் போதும். தங்க முலாம் பூசியதை பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பூச்சு மிக மெல்லியது, கையோடு வந்துவிடும்.

பழைய ஷேவிங் பிரஷ் என்றால், கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு, முடிக்கற்றையைப் புதிதாக மாற்றுவதே வழக்கம். ஆனால் ஒரு எச்சரிக்கை. முதல் உலகப்போர் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரைமுடியில் செய்த பிரஷ்களால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆந்த்ராக்ஸ் நோய் பரவி, உயிரிழப்புகளும் ஏற்பட்டன. அதன் கிருமி வித்துகள் மிக நீண்ட காலம் உயிர்ப்போடு இருக்கக்கூடியவை. இன்று ஆபத்து மிகக் குறைவுதான். இருந்தாலும் அந்தக் காலத்துக் குதிரைமுடி பிரஷ் கையில் கிடைத்தால் பிரிக்க வேண்டாம், முகத்தில் வைக்கவும் வேண்டாம். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.