மொக்கைப் படங்களின் மன்னன்: எட் வுட் படங்களை ஏன் இன்னும் விழுந்து விழுந்து ரசிக்கிறார்கள்?

ஒரு படம் மொக்கைன்னு நல்லா தெரிஞ்சும், நண்பர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து அதையே மறுபடி பார்த்ததுண்டா? பாதிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்வீர்கள்.

மொக்கைப் படங்களில் ரெண்டு வகை இருக்கு. ஒன்று, பத்தாவது நிமிஷத்திலேயே கொட்டாவி வரவைத்து, செல்போனைத் தேட வைப்பது. இன்னொன்று, அடுத்து என்ன கூத்து நடக்கப்போகுதோ என்று கண்ணை எடுக்கவிடாமல் வைத்திருப்பது. இந்த இரண்டாவது வகைக்கு உலக அளவில் ஒரு தலைமகன் இருக்கிறார். அமெரிக்க இயக்குநர் எட் வுட்.

1980இல் வெளியான ஒரு புத்தகம் அவருக்கு உலகின் மிக மோசமான இயக்குநர் என்று பட்டம் சூட்டியது. அதோடு அவர் புகழ் பரவ ஆரம்பித்தது. ஒரே ஒரு சிக்கல்: அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. 1978இலேயே இறந்துவிட்டார்.

யார் இவர்? அப்படி என்ன எடுத்தார்? அவர் படங்களைப் பார்த்து சிரிப்பது சரியா, தப்பா?

யார் இந்த எட் வுட்?

முழுப் பெயர் எட்வர்ட் டேவிஸ் வுட் ஜூனியர். 1924 அக்டோபர் 10ஆம் தேதி நியூயார்க் மாகாணத்தின் போகிப்சி நகரில் பிறந்தார். அப்பா தபால் துறை ஊழியர். பையனுக்குச் சின்ன வயதிலேயே சினிமா பைத்தியம். கௌபாய் படம், திகில் படம் எது வந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். பிறந்தநாளுக்குப் பெற்றோர் ஒரு மூவி கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டும் வேலையும் பார்த்தான்.

1942இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து பசிபிக் பகுதிக்குப் போனார். போர் முடிந்து திரும்பியவர், 1947இல் ஹாலிவுட்டுக்கு வண்டி ஏறினார். கையில் காசு இல்லை, சிபாரிசு செய்ய ஆள் இல்லை. ஆனால் தன்னம்பிக்கைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. எழுத்து, இயக்கம், நடிப்பு மூன்றையும் ஒரே ஆளாகச் செய்த ஆர்சன் வெல்ஸ்தான் அவருக்கு ஆதர்சம்.

அடுத்தவர் கதையில் தன் கதையைச் சொன்னவர்

எட் வுட்டிடம் ஒரு ரகசியம் இருந்தது. பெண்கள் உடுத்தும் உடைகளை உடுத்துவது அவருக்குப் பிடிக்கும். குறிப்பாக அங்கோரா முயலின் முடியில் பின்னிய மெத்தென்ற ஸ்வெட்டர்கள். 1950களின் அமெரிக்காவில் இது வெளியே தெரிந்தால் வேலை போகும், போலீஸ் தொல்லை வரும், மானமும் போகும்.

1952 டிசம்பரில் ஒரு செய்தி அமெரிக்காவையே புரட்டிப் போட்டது. கிறிஸ்டின் ஜார்கென்சன் என்ற முன்னாள் ராணுவ வீரர், டென்மார்க்கில் சிகிச்சை பெற்றுப் பெண்ணாக மாறியிருந்தார். சூட்டோடு சூடாக இதை வைத்து ஒரு பரபரப்புப் படம் எடுத்துக் காசு பார்க்க நினைத்தார் ஜார்ஜ் வைஸ் என்ற தயாரிப்பாளர். வாய்ப்பு எட் வுட்டுக்குக் கிடைத்தது.

அவர் எடுத்துக் கொடுத்ததோ வேறு படம். ‘க்ளென் ஆர் க்ளெண்டா’ (1953) படத்தின் பெரும்பகுதி, பெண்கள் உடையை விரும்பும் ஓர் ஆண், கல்யாணத்துக்கு முன் காதலியிடம் அதை எப்படிச் சொல்வது என்று தவிப்பதைப் பற்றியது. அந்த ஆணாக நடித்தவர் வேறு யாருமில்லை, டேனியல் டேவிஸ் என்ற புனைபெயரில் எட் வுட்டேதான். காதலியாக நடித்தவர் அவருடைய நிஜக் காதலி டோலோரஸ் ஃபுல்லர். படத்தின் கடைசியில் அவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றி க்ளென்னிடம் கொடுக்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது.

படம் ஒழுங்காக இருக்கா என்றால், இல்லை. திடீரென்று எருமைக்கூட்டம் ஓடும். ஒரு விஞ்ஞானி சம்பந்தமே இல்லாமல் நூலை இழுக்கச் சொல்லிக் கத்துவார். ஆனால், இப்படி வாழ்பவர்களும் மனிதர்கள்தான், அவர்களை நிம்மதியாக விடுங்கள் என்று 1953லேயே ஒரு படம் வெளிப்படையாகக் கெஞ்சுகிறது. கைத்தொழில் தெரியாதவர்தான், சொன்ன விஷயத்தில் பொய் இல்லை.

டிராகுலாவின் கடைசி நண்பன்

அந்த விஞ்ஞானியாக நடித்தவர் பெலா லுகோசி. 1931இல் வந்த ‘டிராகுலா’ படத்தில் பிரபுவாக நடித்து உலகையே மிரட்டிய ஹங்கேரிக்காரர். எட் வுட் அவரைச் சந்தித்தபோது லுகோசிக்கு 70 வயது. வாய்ப்புகள் வற்றிவிட்டன, வலி மருந்துகளுக்கு அடிமையாகியும் இருந்தார். ஹாலிவுட் அவரை மறந்தே போயிருந்தது.

தன் சிறுவயது நாயகனை எட் வுட் மறக்கவில்லை. ‘ப்ரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’ (1955) படத்தில் அவருக்கு முக்கிய வேடம் கொடுத்தார். அதில்தான் அந்தப் புகழ்பெற்ற ஆக்டோபஸ் வருகிறது. ரப்பர் பொம்மையான அது தானாக அசையாது. அதனால் அதன் பிடியில் சிக்கியவரே அதன் கைகளைத் தூக்கித் தன் மேல் சுற்றிக்கொண்டு, கத்திக்கொண்டு சாகவேண்டும். பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது.

லுகோசியின் பெயரை வைத்து எட் வுட் காசு பார்க்கத்தான் செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்த வயதில் அவரைக் கூப்பிட்டு வசனம் கொடுத்து கேமரா முன் நிறுத்த வேறு ஆளே இல்லை. 1955இல் தானாகவே முன்வந்து போதை மறுவாழ்வு சிகிச்சை எடுத்துக்கொண்ட லுகோசி, 1956 ஆகஸ்ட் 16ஆம் தேதி இறந்தார். டிராகுலா அங்கியோடுதான் அடக்கம் செய்யப்பட்டார்.

‘பிளான் 9’: அப்படி என்னதான் தப்பு?

லுகோசி இறப்பதற்கு முன் எட் வுட் எடுத்து வைத்திருந்த சில நிமிடக் காட்சிகள் மிச்சம் இருந்தன. ஒரு வீட்டிலிருந்து வெளியே வருகிறார், ஒரு பூவை முகர்கிறார், அங்கியை விரித்துக்கொண்டு நடக்கிறார். வசனம் கிடையாது. அந்தக் கொஞ்சூண்டு ஃபிலிமை வைத்து ஒரு முழுப் படத்தையே கட்டினார் எட் வுட். அதுதான் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’.

பணம் போட்டவர்கள் பாப்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த சிலர். அவர்களைத் திருப்திப்படுத்த எட் வுட்டும் படக்குழுவைச் சேர்ந்த சிலரும் ஞானஸ்நானமே பெற்றுக்கொண்டார்கள். கல்லறைத் திருடர்கள் என்று பொருள்படும் முதல் தலைப்பும் அவர்களுக்குப் பிடிக்காததால் மாற்றப்பட்டது.

இறந்துபோன லுகோசிக்குப் பதிலாக மிச்சக் காட்சிகளில் நடித்தவர், எட் வுட்டின் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்தவர். லுகோசியைவிட நல்ல உயரம், முகஜாடையும் கிடையாது. கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அங்கியால் முகத்தை மூடிக்கொண்டே படம் முழுக்க நடக்கிறார்!

இன்னும் இருக்கிறது, எண்ணிக்கோங்க:

ஒரே சம்பவம் ஒரு ஷாட்டில் பகலிலும் அடுத்த ஷாட்டில் இரவிலும் நடக்கும். ஆள் இடறினால் கல்லறைக் கற்கள் ஆடும். விமானி அறையின் கதவு ஒரு திரைச்சீலை. போலீஸ் அதிகாரி துப்பாக்கி முனையாலேயே தலையைச் சொறிந்துகொள்வார். பூமியை நடுங்க வைக்கப்போகும் பிணப்படை என்று வந்து நிற்பவர்கள் மொத்தம் மூன்றே பேர்.

பறக்கும் தட்டு நிஜமாவே சாப்பாட்டுத் தட்டா?

இந்தப் படத்தில் வரும் பறக்கும் தட்டுகள் காகிதத் தட்டுகள் என்றும், கார் சக்கர மூடிகள் என்றும் ரொம்ப காலமாக ஒரு கதை சுற்றுகிறது. அது உண்மை இல்லை. கடையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மை மாடல்களைத்தான் நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். எட் வுட் படம் என்றாலே இப்படித்தான் எடுத்திருப்பார் என்று ஜனங்களே கதையை ஜோடித்துக்கொண்டார்கள். நிஜத்தைவிட மோசமான எட் வுட்டை உருவாக்குவதிலும் ஒரு சுகம் போல!

சரி, ஏன் சிரிக்கிறோம்?

மோசமாக எடுப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அப்போ எட் வுட்டிடம் மட்டும் என்ன?

முதல் காரணம், ஆசைக்கும் கைவசம் இருந்ததுக்கும் உள்ள தூரம். ‘பிளான் 9’ கதையைக் கேளுங்கள். மனிதர்கள் ஒன்றைவிடப் பெரிய ஒன்றாக குண்டுகளைச் செய்துகொண்டே போகிறார்கள். அடுத்து சூரிய ஒளியையே வெடிக்க வைத்துப் பிரபஞ்சத்தை அழித்துவிடுவார்கள். அதைத் தடுக்க வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஹைட்ரஜன் குண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்த 1956இல் படமாக்கப்பட்ட கதை இது. சொல்ல வந்தது அணு ஆயுதப் போட்டிக்கு எதிரான செய்தி. அதைச் சொல்ல கையில் இருந்தது ஒரு திரைச்சீலையும் பிளாஸ்டிக் பொம்மையும். அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது.

இரண்டாவது, அடுத்து என்ன என்று யூகிக்கவே முடியாது. சுமாரான படத்தில் எல்லாமே தெரிந்த பாதையில் போகும். எட் வுட் படத்தில் பாதையே கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம்: அவர் வேண்டுமென்றே மோசமாக எடுக்கவில்லை. நல்ல படம் எடுக்கிறோம் என்று மனசார நம்பினார். இப்போது சிலர் திட்டம் போட்டே மொக்கையாக எடுக்கிறார்கள். அதில் இந்த ருசி வருவதில்லை. தானே விழுந்து காட்டுபவரைப் பார்த்தால் எவ்வளவு நேரம்தான் சிரிப்பு வரும்?

சிரிப்புக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை

1957 மார்ச்சில் ‘பிளான் 9’ முதல்முறை திரையிடப்பட்டது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. முறையான வெளியீட்டுக்கே பிறகு ரொம்ப காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்து எடுத்த ‘நைட் ஆஃப் தி கூல்ஸ்’ படத்துக்கு லேப் கட்டணம் கட்ட முடியவில்லை. ஃபிலிம் லேபிலேயே கிடந்தது. எட் வுட் இறந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் ரசிகர்கள் அதைப் பார்த்தார்கள்.

1960களிலிருந்து வாழ்க்கை சரிந்தது. பிழைப்புக்காக மலிவான பாலியல் நாவல்களைக் கட்டுக்கட்டாக எழுதினார், அதே ரகப் படங்களுக்கு வசனம் எழுதினார். வந்த காசு மதுவில் போனது. மனைவி கேத்தி மட்டும் கடைசிவரை கூடவே இருந்தார்.

1978 டிசம்பரில், வாடகை பாக்கிக்காக இருவரும் ஹாலிவுட் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பீட்டர் கோ என்ற நடிகர் நண்பர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அங்கேயே சில நாட்களில், டிசம்பர் 10ஆம் தேதி, மாரடைப்பில் எட் வுட் இறந்தார். வயது 54.

செத்த பிறகு வந்த புகழ்

இதற்கிடையே ‘பிளான் 9’ பின்னிரவு நேர டிவியில் திரும்பத் திரும்ப ஓடி, தூக்கம் வராத இளைஞர்களிடம் ஒரு கூட்டத்தைச் சேர்த்திருந்தது. 1980இல் ஹாரி மெட்வெட், மைக்கேல் மெட்வெட் சகோதரர்கள் ‘கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்’ புத்தகத்தை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பேச்சுவழக்கில் வான்கோழி என்றால் ஊத்திக்கொண்ட படம் என்று அர்த்தம். அதில் எல்லாக் காலத்துக்கும் மோசமான படம் ‘பிளான் 9’, மோசமான இயக்குநர் எட் வுட்.

கிண்டலுக்குக் கொடுத்த பட்டம்தான். ஆனால் அதைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போனவர்கள், சிரித்து முடித்ததும் அந்த மனுஷன் மேல் ஒரு பிரியத்தோடு திரும்பினார்கள்.

அந்தப் பிரியத்தில் எடுக்கப்பட்டதுதான் டிம் பர்ட்டனின் ‘எட் வுட்’ (1994). எட் வுட்டாக ஜானி டெப், லுகோசியாக மார்ட்டின் லாண்டாவ். லாண்டாவுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது, ஒப்பனைக்கும் ஒரு ஆஸ்கர். ஆனால் வசூலில் அந்தப் படமும் ஊத்திக்கொண்டது! எட் வுட் பெயருக்கே உள்ள ராசி போல.

அதில் எட் வுட் ஒரு பாரில் ஆர்சன் வெல்ஸைச் சந்தித்துப் பேசுவார். நிஜத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை; அது படத்துக்காகச் செய்த கற்பனை. படமும் ‘பிளான் 9’ திரையிடலோடு, நாயகன் ஜெயித்த மகிழ்ச்சியில் முடிந்துவிடும். குடியும் வாடகை பாக்கியும் அதற்குப் பிறகு வந்த கதை.

அப்போ, சிரிக்கலாமா?

தாராளமாகச் சிரிக்கலாம். எட் வுட் ஆசைப்பட்டது தன் படத்தை ஜனங்கள் பார்க்க வேண்டும் என்றுதான். எடுத்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பார்க்கிறார்கள். அதே காலத்தில், அவரைவிட பத்து மடங்கு செலவில், எந்தத் தப்பும் இல்லாமல் வந்த எத்தனையோ படங்களின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது.

முதல்முறை பார்க்கப் போகிறவர்கள் ‘பிளான் 9’இல் ஆரம்பியுங்கள். தனியாகப் பார்க்காதீர்கள், நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கியால் முகத்தை மூடியவர் வரும்போது எல்லாரும் சிரிப்பீர்கள். அப்போது ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். செத்துப்போன நண்பனை எப்படியாவது இன்னொரு படத்தில் காட்டிவிட வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.