கணவர் வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு: அம்பேத்கரை நினைப்போம்



அம்பேத்கர் என்றதும் உங்களுக்கு அரசியலமைப்புச் சட்டம்தான் நினைவுக்கு வரும். நம் வீட்டுப் பத்திரத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில், சுபேதார் ராம்ஜியின் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தண்ணீர்ப் பானையைத் தொட விடாத பள்ளியில் படித்தவர், கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டங்கள் பெற்றார். 1947-இல் இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரானார்.

அன்றைய நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மகன்கள் உள்ள இந்துக் குடும்பத்தில் கணவர் இறந்தால் மனைவிக்குச் சோறும் தங்க இடமும்தான். சொத்தில் பங்கு கிடையாது. 1937-இல் வந்த சட்டம் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. ஆனால் அதை ஆயுள் வரை அனுபவிக்கலாமே தவிர, விருப்பப்படி விற்கவோ எழுதி வைக்கவோ முடியாது. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்றும் 1941-இல் தீர்ப்பானது. முல்லைப் பெரியாறு பாயும் நம் கம்பம் பள்ளத்தாக்கு நஞ்சைகளும் அதில் அடக்கம். சென்னை மாகாணம் தனிச்சட்டம் போட்டு அந்தக் குறையை நீக்கியது 1947-இல்தான்.

பெண்ணுக்கு முழு உரிமை தர வேண்டும் என்று இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை அம்பேத்கர் கையில் எடுத்தார். நாடாளுமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கடும் எதிர்ப்பு. உடல்நலம் குன்றிய நிலையிலும் வாதாடினார். மசோதா கைவிடப்பட்டது. அதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி, 1951 செப்டம்பரில் பதவியைத் துறந்தார். 1952 தேர்தலிலும் தோற்றார்.

பின்னர் நேரு அரசு அந்த மசோதாவைப் பிரித்து நான்கு சட்டங்களாக நிறைவேற்றியது. அவற்றில் ஒன்றான இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி அம்பேத்கர் மறைந்தார்.

அந்தச் சட்டத்தால் உங்களுக்கு என்ன? கணவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள், கணவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு. மனைவியின் பங்கு முழுக்க அவருடையது. மாமனார் பெயரில் உள்ள வீடு என்றால், அவர் உயிரோடு இருக்கும்வரை மருமகளுக்கு உடைமை இல்லை. அவர் உயில் இல்லாமல் காலமானால், மகனுக்குச் சேர வேண்டிய பங்கு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வரும். குடும்ப வீட்டைப் பிரித்துக் கேட்கப் பெண் வாரிசுகளுக்கு இருந்த தடையும் 2005-இல் நீங்கியது.

வசிப்பது வேறு உரிமை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, கணவர் குடும்பத்தோடு பகிர்ந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணைச் சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்ற முடியாது. கணவரை இழந்தவருக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்தது. இது எல்லா மதத்தினருக்கும் உண்டு. பங்கைப் பொறுத்தவரை முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தனிச்சட்டங்கள் உள்ளன. அவற்றிலும் மனைவிக்குப் பங்கு உண்டு.

நம் பக்கம் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு விடுதலைப் பத்திரத்தை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அழுது ஓய்ந்தவர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். பதிவான பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு நிலை வந்தால், கையெழுத்துக்கு முன் தேனி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகச் சொல்லுங்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

ஒருவர் பதவியை விட்டுக்கொடுத்துக் கேட்ட உரிமை இது. தெரியாமல் நாம் விட்டுக்கொடுக்க வேண்டாம்.