இரசாயனத்தைத் தமிழில் தந்த மானிப்பாய் வைத்தியர்

அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். தமிழ் கற்று, 1860களில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 1873இல் நாடு திரும்பிய பின்னும் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1875இல் ‘கெமிஸ்தம்’ அச்சேறியது. பெயர் சற்று வேடிக்கைதான்.

அக்காலத்தில் ஐதரசனை ஒன்றென வைத்தே மற்ற அணுக்களை ஒப்பிட்டனர். ஒட்சிசனுக்கு 16 என்றால் பதினாறு கிராம் அல்ல. ஐதரசன் அணுவைவிட ஏறத்தாழ 16 மடங்கு திணிவு. இன்று அளவுகோல் காபன்-12. பொருளாதாரத் தடைக்குள் ஜாம்போத்தல் விளக்கில் இதே சார் அணுத்திணிவை எங்கள் பிள்ளைகள் தமிழில்தான் படித்தார்கள்.

கிறீன் 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதையே தன் கல்லறையில் பொறிக்கக் கேட்டிருந்தார்.