ஹெர்பர்ட் காரட்

செங்கோட்டையினின்று மலையைக் குடைந்து புனலூர் செல்லும் இருப்புப்பாதை 1904-ல் திறக்கப்பட்டது. இத்தகைய பாதைகளின் சங்கடத்தைத் தென்காசி, வீரகேரளம்புதூர் வட்டாரத்தார் அறிவர். ஏற்றத்தில் பாரமிழுக்கப் பெரிய பாய்லர் வேண்டும்; எஞ்சின் கனத்தால் தண்டவாளம் தாங்காது; நீண்டால் வளைவில் திரும்பாது.

இதைத் தீர்க்க முனைந்தோருள் முதன்மையானவர் ஹெர்பர்ட் வில்லியம் காரட். 1864-ல் லண்டனில் பிறந்தார். ரயில்வே பட்டறையில் தொழில் பயின்றார். அர்ஜெண்டைனா, கியூபா, பெரு முதலிய தேசங்களின் ரயில்வேக்களில் உழைத்தார். அவ்வனுபவத்தின் பயனாக, முன்னும் பின்னும் இரு சக்கரத் தொகுதிகளை நிறுத்தி, அவற்றின்மேல் பாலம்போல் ஒரு சட்டத்தைப் பொருத்தி, நடுவே பாய்லரை அமைக்கும் முறையைக் கண்டார். பாரம் பல சக்கரங்களுக்குப் பங்காயிற்று. தொகுதிகள் தனித்தனியே வளைவில் திரும்பின.

மான்செஸ்டர் நகரத்துப் பேயர் பீகாக் கம்பெனியார் அம்முறையில் செய்த முதல் எஞ்சின்கள் 1909-ல் டாஸ்மேனியாவுக்குச் சென்றன. 1911-ல் டார்ஜிலிங் மலைப்பாதைக்கும் ஒன்று வந்தது. 1913-ல், 49 வயதில், காரட் காலமானார். 1930-ஐ ஒட்டி வங்காள நாகபுரி ரயில்வேக்கு வந்த 234 டன் எஞ்சின்களை அவர் கண்டாரில்லை.

அவையும் மான்செஸ்டரிலிருந்தே வந்தன. பாதை நமது, பாரம் நமது, கட்டணமும் நமது. அறிவு வளர்ந்த பட்டறை மட்டும் அந்நியருடையது. பட்டறைப் பையனாகத் தொடங்கிய காரட்டுக்குத் திறந்திருந்த கதவு, அந்நாளில் நம் இளைஞர் எத்தனை பேருக்குத் திறந்திருந்தது?